பட்டியில் அறுபதாயிரம் குதிரைகள்: அமெரிக்கா எந்த வழியில் போகலாம்?

கழுத்தின் இடது பக்கம், பிடரிமயிருக்குக் கீழே, வெள்ளை மயிரில் ஒரு வரிசைக் குறிகள். கோணமும் கோடுமாக, பார்த்தவுடன் எழுத்து என்றே தோன்றாது. நெவாடாவில் ஒரு சந்தைத் திடலில் நடந்த தத்து முகாமில், இரும்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அதை எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொண்டேன். திரவ நைட்ரஜனில் குளிரவைத்த அச்சைத் தோலில் வைத்து அழுத்துவார்கள். அந்த இடத்து மயிர் பிறகு நிறமில்லாமல் வெள்ளையாக முளைக்கும். முதல் குறி, அமெரிக்க அரசின் பதிவு என்று சொல்கிறது. அடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டும் பிறந்த வருஷம். மீதியெல்லாம் பதிவு எண். நான் பார்த்த செம்பழுப்புப் பெட்டைக்கு 11 வயது. கம்பியில் தொங்கிய அட்டையில் அவளைப் பிடித்த தேதியும் இருந்தது. பிடித்து எட்டு வருஷமாகியும் யாரும் அவளைக் கூட்டிப் போகவில்லை. காதுகளைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு, மனிதர்கள் நிற்காத மூலையாகப் பார்த்து நின்றாள்.

அரசுப் பட்டிகளிலும், அரசு வாடகை கொடுத்து எடுத்திருக்கும் தனியார் புல்வெளிகளிலும் இவளைப் போல 60,000க்கும் மேற்பட்ட காட்டுக்குதிரைகளும் கழுதைகளும் இருக்கின்றன. இதைத் தவிர, பொது நிலத்தில் திறந்து திரிபவை 2025 மார்ச் கணக்குப்படி சுமார் 73,000. அந்த நிலத்துக்குப் பொறுப்பான நில மேலாண்மைப் பணியகம், அங்கே இருக்கலாம் என்று வைத்திருக்கும் அளவோ சுமார் 25,500தான். உள்ளே இருப்பதும் அதிகம், வெளியே இருப்பதும் அதிகம். வருஷம் 14 கோடி டாலருக்கு மேல் இதற்குச் செலவாகிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஏற்கெனவே பிடித்து வைத்தவற்றுக்குத் தீனி போடவே போய்விடுகிறது.

என்ன செய்யலாம் என்பதற்குச் சொல்லப்படும் வழிகள் பல. பிடித்து அடைப்பது, கொல்வது அல்லது விற்பது, தத்துக் கொடுப்பது, கருத்தடை ஊசி போடுவது, மாடுகளைக் குறைத்துக் குதிரைகளுக்கு இடம் விடுவது, இயற்கையிடமே விட்டுவிடுவது. ஒவ்வொன்றையும் எடைபோடுவதற்கு முன் என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பிடிப்பதற்குச் செலவாகும் பணம் பிறப்பைத் தடுக்கும் வேலைக்கு மாற வேண்டும். அந்த மாற்றம் நடக்காதவரை மற்ற எந்த வழியும் ஓட்டைக்குடத்தில் நீர் நிரப்பும் கதைதான்.

எப்படி இங்கே வந்து நிற்கிறோம்

1950இல் நெவாடாவின் ரெனோ நகருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வெல்மா ஜான்ஸ்டன் என்ற அலுவலகச் செயலர், சாலையில் முன்னால் போன ஒரு வண்டியிலிருந்து ரத்தம் சொட்டுவதைப் பார்த்தார். பின்தொடர்ந்து போனவர் கண்டது, வளர்ப்புப் பிராணிகளின் தீனிக்காக வெட்டப்படப் போகிற காட்டுக்குதிரைகளை. அந்தக் காலத்தில் விமானத்தில் விரட்டி, லாரியில் துரத்திக் கயிறு வீசிப் பிடிப்பார்கள். தண்ணீர்க் குட்டைகளில் விஷம் கலப்பதும் உண்டு. அவர் விடவில்லை. எதிர்த்தவர்கள் கேலியாக வைத்த 'வைல்ட் ஹார்ஸ் ஆனி' என்ற பெயரையே தன் பெயராக்கிக்கொண்டு போராடினார். மோட்டார் வண்டியாலும் விஷத்தாலும் வேட்டையாடுவதைத் தடுத்த 1959ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய உழைப்பு. அப்புறம் நாடெங்கும் பள்ளிக் குழந்தைகள் கடிதம் கடிதமாக எழுதினார்கள். 1971இல் இரு அவைகளிலும் எதிர்ப்பு ஓட்டே இல்லாமல் ஒரு சட்டம் நிறைவேறியது. டிசம்பர் 15 அன்று நிக்சன் கையெழுத்திட்டார். மேற்கின் வரலாற்றுக்கும் முன்னோடிகளின் உணர்வுக்கும் உயிருள்ள அடையாளங்கள் இவை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பிடிப்பதும் கொல்வதும் தொந்தரவு செய்வதும் குற்றம் ஆயின.

சட்டம் வேலை செய்தது. அன்று சுமார் 25,000 இருந்தவை பெருகின. காட்டுக்குதிரை மந்தை வருஷத்துக்கு 15 முதல் 20 சதவீதம் வளரும். நான்கைந்து வருஷத்தில் இரட்டிப்பு. வேட்டைக்காரன் இல்லை, ஓநாய்கள் எப்போதோ பெரும்பாலும் ஒழிக்கப்பட்டுவிட்டன. நிலமோ நெவாடா, வயோமிங், யூட்டா, ஓரிகன் போன்ற மாநிலங்களின் வறண்ட சமவெளி. ஆண்டுக்கு 20, 25 சென்டிமீட்டர் மழையே பெரிது. புல் தேய்ந்தால் மறுபடி தேறப் பல வருஷம் ஆகும்.

பிடித்து அடைப்பது

இதுதான் இப்போது நடப்பது. ஹெலிகாப்டர் தாழப் பறந்து ஒரு குதிரைக் குடும்பத்தைக் கிலோமீட்டர் கணக்கில் ஓட்டி வரும். ஒரு பொலிக்குதிரை, நான்கைந்து பெட்டைகள், கூடவே குட்டிகள். பள்ளத்தாக்கின் வாயில் இரண்டு பக்கமும் சணல் படுதா கட்டிய வேலி, புனல் போலக் குறுகிக்கொண்டே போகும். புனலின் வாயில் ஒருவர் பழக்கிய குதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். மந்தை நெருங்கியதும் அதை அவிழ்த்துவிடுவார். அது நேராகத் தீவனம் இருக்கும் பட்டிக்குள் ஓடும், பயத்தில் வரும் மந்தையும் அதன் பின்னாலேயே போகும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதை யூதாஸ் குதிரை என்கிறார்கள்.

உள்ளே போனபின் ஆண் ஒரு பக்கம், பெட்டை ஒரு பக்கம், பால் மறந்த குட்டி ஒரு பக்கம். குடும்பம் அந்த நிமிஷத்தில் முடிந்துபோகிறது. ஆண்களைக் காயடிப்பார்கள், எல்லாவற்றுக்கும் தடுப்பூசி போட்டுக் கழுத்தில் குறி வைப்பார்கள். பிடிக்கும்போது சாவது நூற்றில் ஒன்றை ஒட்டி என்பது அரசின் கணக்கு. கம்பியில் மோதிக் கழுத்து முறிவதும், ஓடி ஓடிக் குட்டியின் குளம்பு தேய்ந்துபோவதும் அந்த ஒன்றுக்குள் அடக்கம். அடைத்து வைத்த பிறகும் ஆபத்து தீர்வதில்லை. 2022 வசந்தத்தில் கொலராடோவின் கேன்யன் சிட்டி பட்டியில் குதிரைச் சளிக்காய்ச்சல் பரவி 140க்கும் மேற்பட்டவை செத்தன.

இந்த வழிக்கு ஒரு பலம் உண்டு, அதை மறுக்கக் கூடாது. வறட்சியில் குட்டை வற்றி, மந்தை எலும்பும் தோலுமாகச் சேற்றில் நிற்கும்போது, ஒரே வாரத்தில் ஆயிரம் குதிரைகளை வெளியேற்றக்கூடிய கருவி வேறு எதுவும் இல்லை. கருத்தடை ஊசி, இன்றைக்குத் தாகத்தில் நிற்கும் குதிரைக்குத் தண்ணீர் கொடுக்காது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய நிதியாண்டில் பணியகம் 20,000க்கு மேல் பிடித்து அகற்றியது. அதுவரை இல்லாத அளவு. அதே ஆண்டு கருத்தடை மருந்து பெற்றவை 1,600ஐ ஒட்டி. விளைவு என்ன? 2021 மார்ச்சில் 86,000ஐத் தாண்டியிருந்த எண்ணிக்கை 2023 மார்ச்சில் ஏறக்குறைய 83,000. இவ்வளவு ஓட்டமும் சாவும் செலவும் மூவாயிரத்துக்கு. பிந்திய ஆண்டுகளில் மேலும் இறங்கியது உண்மை, இறங்கிய ஒவ்வொன்றும் பட்டியில் ஒரு வாயாகச் சேர்ந்ததும் உண்மை.

இதற்குக் காரணத்தை அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்வுக்குழு 2013இலேயே சொல்லிவிட்டது. மந்தையைப் பாதியாக்கினால் மீதிக்குப் புல் தாராளம். நன்றாகத் தின்ற பெட்டை வருஷம் தவறாமல் குட்டி போடும், குட்டியும் பிழைக்கும். அகற்றுவதே வளர்ச்சியைத் தூண்டிக்கொண்டிருக்கிறது என்பது அவர்கள் கண்டது.

பட்டியில் ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு 5 டாலருக்கு மேல் ஆகிறது. ஓக்லஹோமா, கான்சாஸ் பக்கத்து ஒப்பந்தப் புல்வெளி என்றால் 2 டாலருக்குச் சற்று மேல். மூன்று வயதில் பிடித்த குதிரை இன்னும் இருபது வருஷம் இருக்கலாம். புல்வெளிக் கணக்கிலேயே குறைந்தது 14,600 டாலர், பட்டியில் 36,500. ஒன்றுக்கு!

கொல்வது, விற்பது

இந்த இடத்தில் அதிக நேரம் நிற்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இது பேசப்படாத யோசனை அல்ல. 1978இல் சட்டத்தில் செய்த திருத்தம், மிகுதியான குதிரைகளைக் கொல்ல அனுமதிக்கிறது. 2004இல் சேர்த்த இன்னொரு திருத்தம், 10 வயது தாண்டியவற்றையும் மூன்று முறை தத்துக்கு வைத்தும் போகாதவற்றையும் நிபந்தனையின்றி விற்கலாம் என்கிறது. ஆனால் ஆரோக்கியமான விலங்கைக் கொல்லவோ இறைச்சிக்கு விற்கவோ பணம் செலவிடக் கூடாது என்று நிதி மசோதாவில் நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒரு வரி சேர்த்துவருகிறது. குதிரைகளின் உயிர் அந்த ஒரு வரியில் தொங்குகிறது. பட்டியில் தேங்கியவற்றைக் கொல்லலாம் என்று 2016இல் ஆலோசனைக் குழு பரிந்துரைத்தபோது எழுந்த கொந்தளிப்பில் பணியகமே பின்வாங்கியது.

செலவு என்ற ஒற்றை அளவுகோலில் இது மலிவுதான். ஆஸ்திரேலியாவின் கோசியஸ்கோ தேசியப் பூங்காவில் 2023இல் ஹெலிகாப்டரிலிருந்து சுட அனுமதித்து, 2027 நடுவில் 3,000 ஆக்குவது என்று இலக்கு வைத்தார்கள். அமெரிக்கச் சட்டமோ இவற்றை நாட்டின் அடையாளம் என்று எழுதிவைத்திருக்கிறது. ரத்தம் சொட்டிய ஒரு வண்டியைப் பார்த்துப் பிறந்த சட்டம் அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொன்றாலும் மிச்சம் இருப்பவை அதே 15 முதல் 20 சதவீதத்தில் பெருகும். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை துப்பாக்கியைத் தூக்க வேண்டியிருக்கும்.

தத்துக் கொடுப்பது

தத்து என்பது கேட்க இதமான சொல். நல்ல வீடு கிடைத்த குதிரைகளும் உண்டு. நெவாடாவின் கார்சன் சிட்டி சிறையில் கைதிகள் இந்தக் குதிரைகளைப் பழக்குகிறார்கள். ஆளைக் கண்டாலே சுவரில் மோதும் குதிரையைச் சில மாதத்தில் சேணம் ஏற்றி நடக்கவைத்து, ஏலத்தில் நல்ல கைக்கு அனுப்புகிறார்கள். எல்லைக் காவல் படையிலும் இப்படிப் பழகிய குதிரைகள் வேலை செய்கின்றன. இதைப் பத்து மடங்கு பெருக்கினாலும் எனக்குச் சம்மதமே.

சிக்கல் எண்ணிக்கையில். நல்ல ஆண்டுகளில் தத்தும் விற்பனையும் சேர்ந்து 8,000ஐ ஒட்டிப் போகின்றன. ஆனால் 73,000 கொண்ட மந்தை, 18 சதவீதம் என்று வைத்தால், ஆண்டுக்கு 13,000 கூடுகிறது. இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2019இல் தத்து எடுப்பவருக்குக் குதிரைக்கு 1,000 டாலர் தருவதாக அறிவித்தார்கள். தத்து உயர்ந்தது. ஒரு வருஷம் கழித்து உரிமைப் பத்திரம் கைக்கு வந்ததும் பல குதிரைகள் இறைச்சிக்கு வாங்குபவர்கள் வரும் ஏலங்களில் தலைகாட்டின. 2021இல் பத்திரிகைகள் இதை வெளிக்கொண்டுவந்தன. அமெரிக்காவில் குதிரை வெட்டும் கூடங்கள் 2007இலேயே மூடப்பட்டுவிட்டன, லாரிகள் மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் போகின்றன. 2025 மார்ச்சில் கொலராடோவின் கூட்டாட்சி நீதிமன்றம் இந்த ஊக்கத்தொகைத் திட்டத்தை ரத்துசெய்தது. பணத்துக்காகக் குதிரை எடுப்பவர் கையில் குதிரை இருக்காது என்பது என் கருத்து. ஊக்கம் தருவதானால் பழக்கியவருக்குத் தாருங்கள், வைத்திருப்பதாகச் சொல்பவருக்கு வேண்டாம்.

கருத்தடை ஊசி

எனக்கு நம்பிக்கை தருவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிஇசட்பி என்ற மருந்து பன்றியின் கருமுட்டை உறையிலிருந்து எடுக்கப்படுகிறது. அதைப் பெட்டைக்குதிரைக்குச் செலுத்தினால் உடல் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கும். அந்த எதிர்ப்பொருள் அவளுடைய சொந்த முட்டையின் உறையிலும் போய் ஒட்டிக்கொள்ள, விந்தணு பற்ற முடியாமல் போகும். ஹார்மோனில் கைவைப்பதில்லை. மந்தையின் ஒழுங்கு அப்படியே இருக்கும், குடும்பமும் கலையாது. ஏற்கெனவே சினையாக இருந்தால் அந்தக் குட்டி நலமாகவே பிறக்கும். ஒரு டோஸ் 30 டாலரை ஒட்டி.

மேரிலாந்தின் அசடீக் தீவில் ஜே கர்க்பாட்ரிக் என்ற விஞ்ஞானி 1980களின் இறுதியில் இதைச் சோதித்துப் பார்த்தார். 1994இல் தேசியப் பூங்காத் துறை அதை நடைமுறையாகவே ஆக்கியது. 170ஐத் தாண்டியிருந்த மந்தை ஒரு குதிரையைக்கூடப் பிடிக்காமல் நூறுக்குக் கீழே இறங்கியது. குட்டி போடும் களைப்பு இல்லாததால் பெட்டைகளின் ஆயுளும் கூடியது. ஆனால் ஆயுள் கூடுவதால் எண்ணிக்கை குறையப் பல வருஷம் பிடித்தது. அவசரக்காரர்களுக்கு இது ஏற்ற மருந்து அல்ல.

கொலராடோவின் தென்மேற்கு மூலையில் ஸ்பிரிங் கிரீக் பேசின் என்று சுமார் 22,000 ஏக்கர் பகுதி இருக்கிறது. 2011இல் நடந்த பிடிப்புக்குப் பிறகு அங்கே ஊசிதான். ஊசித் துப்பாக்கியோடு நடந்துபோய், நாற்பது மீட்டருக்குள் நெருங்கி, பெட்டையின் தொடைச் சதையில் சுட வேண்டும். ஊசி தைத்து மருந்து இறங்கியதும் கழன்று விழும். விழுந்த ஊசியைத் தேடி எடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தப் பெட்டைக்குப் போட்டோம், எதற்குப் பாக்கி என்று தெரிய ஒவ்வொரு குதிரையையும் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். நெற்றிப் பொட்டு, கால் வெள்ளை, பிடரி எந்தப் பக்கம் சரிகிறது என்பதெல்லாம் படத்தோடு ஒரு நோட்டில் ஏறியிருக்கும். நம் ஊரில் சுழி பார்த்து மாட்டை அடையாளம் சொல்லும் தரகரை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த அளவுக் கண் வேண்டும். பழகிய ஒருவர் வருஷத்துக்குச் சில டஜன் ஊசிகளில் ஒரு சிறு மந்தையைக் கட்டுக்குள் வைக்கலாம். அந்தப் பகுதிக்கு அதன் பிறகு ஹெலிகாப்டர் வரவில்லை.

சரி, அப்படியானால் எல்லா இடத்திலும் ஏன் செய்வதில்லை? இந்த வழியை ஆதரிப்பவர்கள் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. நெவாடாவின் மேலாண்மைப் பகுதிகளில் சில, பல லட்சம் ஏக்கர். சாலை கிடையாது. குதிரை மனிதனை ஒரு கிலோமீட்டர் தொலைவிலேயே கண்டு ஓடிவிடும். பிஇசட்பி ஒரு வருஷத்துக்குத்தான் தாங்கும், வருஷாவருஷம் அதே பெட்டையை அங்கே போய்த் தேடுவது நடக்காத காரியம். பிறப்பில் உண்மையான தாக்கம் தெரிய மந்தையின் பெட்டைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் போட வேண்டும். கொஞ்சம் பேருக்குப் போட்டுவிட்டு 'முயன்றோம், பலிக்கவில்லை' என்று சொல்வது மருந்தின் தோல்வி அல்ல.

அங்கேதான் இரண்டாவது மருந்து உதவும். கோனாகான் என்பது, சினைப்பருவத்தைத் தூண்டும் மூளை ஹார்மோனுக்கு எதிராக வேலை செய்கிறது. வடக்கு டகோட்டாவின் தியோடர் ரூஸ்வெல்ட் தேசியப் பூங்காவில் நடந்த ஆய்வில், முதல் ஊசிக்குச் சில வருஷம் கழித்து இரண்டாவது ஊசி போட்டபோது பெரும்பாலான பெட்டைகள் அதற்குப் பிறகு பல வருஷம் குட்டி போடவில்லை. சில பெட்டைகள் திரும்பவும் கருத்தரிக்காமலே போகலாம் என்பது இதன் குறை. அரிய வம்சம் என்றால் கவனம் வேண்டும். ஸ்பானியக் குதிரைகளின் ரத்தம் ஓடும் பிரையர் மலை மந்தை போன்றவற்றுக்கு நான் பிஇசட்பியோடு நிறுத்திக்கொள்வேன். ஆனால் ஆயிரக்கணக்கில் இருக்கும் பெரிய மந்தைகளுக்கு, பிடித்து, ஊசி போட்டு, அதே மலையில் திரும்ப விடுவதுதான் நடைமுறை. ஆம், இங்கும் ஹெலிகாப்டர் வேண்டும். பிடித்ததும் லாரியில் ஏற்றாமல் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்பதுதான் வித்தியாசம். கருப்பையில் வைக்கும் வளையமும் இப்போது சில பகுதிகளில் பயன்படுகிறது. கருமுட்டைப்பையை நீக்குவது போன்ற அறுவைச் சிகிச்சையைப் பட்டியின் புழுதியில் செய்யும் யோசனையை மட்டும் நான் ஏற்கவில்லை. ஓரிகனில் அப்படி ஒரு திட்டம் 2018இல் நீதிமன்றத்தில் தடுக்கப்பட்டது சரியே.

செலவைத் திரும்பப் பாருங்கள். இருபது வருஷமும் வருஷத்துக்கு ஒரு டோஸ் போட்டாலும் மருந்து 600 டாலர். கூலி, வண்டி, துப்பாக்கி எல்லாம் சேர்த்துப் பல மடங்கு ஆகட்டும். 14,600ஐத் தொட வெகுதூரம்.

மாடுகளும் புல்லும்

இந்த விவாதத்தில் எல்லோருக்கும் சூடு ஏறும் இடம் இது. பணியகத்தின் கீழ் சுமார் 15.5 கோடி ஏக்கரில் மாடும் ஆடும் மேய அனுமதி உண்டு. குதிரைகளுக்கென்று ஒதுக்கியது சுமார் 2.7 கோடி ஏக்கர், அதிலும் பெரும்பாலான பகுதிகளில் மாடு மேயும். 1971இல் குதிரைகள் இருந்த பரப்பில் நாற்பது சதவீதத்தை ஒட்டிய பகுதி இப்போது அவற்றுக்கு இல்லை. ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய 2019 முதல் 2025 வரை கட்டணம் 1.35 டாலர், சட்டப்படி அதற்குக் கீழே போக முடியாத அடிமட்டம். தனியார் நிலத்தில் இருபது டாலருக்கு மேல். நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கில் செல்வாக்குள்ளவர் மாடு முதலில் மேயும் கதை நினைவுக்கு வருகிறது. எந்தப் பகுதியில் எத்தனை குதிரை என்ற அளவு நிர்ணயிக்கப்படும் விதமும் வெளிப்படையாக இல்லை, அறிவியல் ஆதாரத்தோடும் இல்லை என்று அதே 2013 அறிக்கை சொல்கிறது.

அதற்காகப் பண்ணையாரை வில்லனாக்கவும் நான் தயாராக இல்லை. நெவாடாவில் பல ஊற்றுகளின் நீர் உரிமை அவர்களுடையது. குழாய் போட்டு, தொட்டி கட்டி, வறட்சியில் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுபவர்கள் அவர்கள். மாடு சில மாதம் மேய்ந்துவிட்டு வீடு திரும்பும். குதிரை வருஷம் முழுக்க அங்கேயே இருக்கும். மேல் வரிசையிலும் வெட்டுப்பல் இருப்பதால் குதிரையால் புல்லைத் தரையோடு கடிக்க முடியும், பசுவால் அது ஆகாது. ஊற்றைச் சுற்றி மிதித்துச் சேறாக்குவதும் உண்மை.

குதிரைகளுக்கென ஒதுக்கிய பகுதிகளில், விருப்பமுள்ள பண்ணையாரிடம் நியாயமான விலை கொடுத்து மேய்ச்சல் அனுமதியை வாங்கி நிரந்தரமாக மூடுவது நல்ல வழி. நாடாளுமன்றம் சட்டம் செய்ய வேண்டும். ஆனால் இதையே முழுத் தீர்வாகச் சொல்லும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். மாடு அத்தனையும் போய், குதிரை அளவு 25,500இலிருந்து இரு மடங்கானாலும், இன்றைய எண்ணிக்கை அதையும் தாண்டித்தான் நிற்கிறது. கருத்தடை இல்லாமல் கூடுதல் புல் கிடைத்தால் நான்கைந்து வருஷ அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான்.

இயற்கையிடம் விடலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். மலைச் சிங்கம் குட்டிகளை அடித்து மந்தையைக் கட்டுப்படுத்தும் இடங்கள் உண்டு, கலிஃபோர்னியா - நெவாடா எல்லையில் மான்ட்கோமரி கணவாய் ஒன்று. மறைந்திருந்து பாய மரமும் பாறையும் இல்லாத வெட்டவெளியில் அது நடக்காது. அங்கே இயற்கை என்றால் பசியும் தாகமும்தான். போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் விட்டுப்போன குதிரைகளின் வம்சம் நம் நெடுந்தீவில் கோடையில் தண்ணீருக்குத் தவிப்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கழுதைகள் வேறு கதை

சட்டமும் திட்டமும் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதல் கழுதைகள், பெரும்பாலும் அரிசோனா, கலிஃபோர்னியா, நெவாடா பாலைவனங்களில். சுரங்கம் தோண்ட வந்தவர்கள் சுமைக்கு வைத்திருந்து விட்டுப்போனவற்றின் வாரிசுகள். அரிசோனாவின் ஓட்மன் என்ற பழைய சுரங்க ஊரில் கடைத்தெருவிலேயே வந்து நின்று தீனி கேட்கும்.

கழுதை, குதிரை மாதிரி ஒரே மந்தையாகச் சேர்ந்து ஓடாது. ஹெலிகாப்டர் விரட்டினால் சிதறும், இல்லாவிட்டால் அசையாமல் நின்றுவிடும். தண்ணீரும் தீவனமும் வைத்த பட்டிக்குள் தானாக வரவைத்துக் கதவை அடைப்பதே எளிது. அப்படி வந்தவற்றுக்கு அங்கேயே ஊசி போடலாம். ஓட்மன் பக்கம் 2017 முதல் சோதனையும் நடந்தது. நரியிடமிருந்து ஆட்டு மந்தையைக் காக்கக் கழுதையை வைத்துக்கொள்ளும் பண்ணைகள் இருப்பதால் தத்துக்கும் ஓரளவு வழி உண்டு. இன்னொன்று, சொனோரன் பாலைவனத்தில் வற்றிய ஆற்றுப்படுகைகளைக் கழுதைகள் குளம்பால் தோண்டி, இரண்டு மீட்டர் ஆழம் வரை ஊற்று எடுப்பதையும், அந்தத் தண்ணீரை மானும் பறவையும் வந்து குடிப்பதையும் 2021இல் வெளியான ஓர் ஆய்வு பதிவுசெய்தது. வேறு சில இடங்களில் அதே கழுதை இருக்கும் ஊற்றைக் கெடுக்கவும் செய்கிறது. இடத்துக்கு இடம் பார்த்து முடிவெடுக்காமல் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவது இங்கே பொருந்தாது.

நான் எடுக்கும் முடிவு

முதல் ஐந்து வருஷம் செலவு கூடும் என்பதை ஒப்புக்கொண்டு தொடங்க வேண்டும். பணியகமே 2020இல் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில், நிர்ணயித்த அளவுக்கு எண்ணிக்கையைக் கொண்டுவர 15 முதல் 18 வருஷம் ஆகும், முதல் ஐந்து வருஷத்துக்கே சுமார் 90 கோடி டாலர் வேண்டும் என்று கணித்தது. அதில் அகற்றுவதற்கே பெரும் இடம். நான் அந்த விகிதத்தைத் திருப்புவேன். தண்ணீரும் புல்லும் அடியோடு இல்லாத இடத்தில் மட்டும் அகற்றலாம். மற்ற எல்லாப் பிடிப்பிலும், பிடித்த பெட்டைகளில் மிகப் பெரும்பாலானவை ஊசியோடு திரும்பிப் போக வேண்டும். திரும்பிப் போகாத பிடிப்புக்குப் பணம் இல்லை என்று நிதி மசோதாவிலேயே எழுத வேண்டும். கொல்லக் கூடாது என்று ஒரு வரி எழுத முடிந்த நாடாளுமன்றத்தால் இன்னொரு வரியும் எழுத முடியும்.

ஸ்பிரிங் கிரீக் பேசின் போன்ற சிறு பகுதிகளில் உள்ளூர்க்காரர்களைப் பழக்கி, கூலி கொடுத்து, ஊசித் துப்பாக்கியைக் கையில் தர வேண்டும். தன்னார்வலரின் அன்பை மட்டும் நம்பிப் பதினைந்து வருஷத் திட்டம் போட முடியாது. அவர் நோய்ப்பட்டால் அந்த நோட்டைப் படிக்க இன்னொருவர் இருக்க வேண்டும்.

பணியகத்தின் வேலையை எத்தனை பிடித்தோம் என்று எண்ணிப் பார்ப்பதையும் நிறுத்த வேண்டும். வருஷாவருஷம் ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை குட்டி பிறந்தது என்ற எண்ணை வெளியிடச் சொல்ல வேண்டும். அந்த எண் இறங்கினால் மற்றதெல்லாம் சில வருஷம் பின்னால் தானாக இறங்கும்.

ஏற்கெனவே அடைபட்ட 60,000? அவற்றைப் பிடித்தது அரசு, அவற்றின் கழுத்தில் இருப்பதும் அரசின் குறி. கம்பிப் பட்டியில் இருப்பவற்றை ஓக்லஹோமா, கான்சாஸ் புல்வெளிகளுக்கு மாற்றினால் செலவும் பாதிக்கு மேல் குறையும், காலாற நடக்கவும் இடம் இருக்கும். புதிதாகப் பிடித்து நிரப்பாவிட்டால் அந்தப் புல்வெளிகளுக்கும் இட நெருக்கடி வராது. நான் பார்த்த பெட்டைக்கு அன்றைக்கும் ஆள் கிடைக்கவில்லை. மாலையில் மறுபடி லாரியில் ஏற்றினார்கள். அடுத்த ஊருக்கு என்றார் ஓட்டுநர்.